கண்ணாடி அலமாரிக்குள் உன் பாய்

என் அருமை மைனிக்கு,

நம் சானல்கரைத் தெருவில் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு எதிரே உள்ள கடையில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு மனு அடித்துக் கொடுக்கிறவள் நான். 'பெறுநர்' என்று அடித்துவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். இந்த விஷயத்தை யாருக்கு மனுவாக அனுப்புவது என்று பல நாள் யோசித்தேன். ஒரு அதிகாரியும் மனதில் வரவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

அண்ணன் பெண்டாட்டியைப் போய் நீ, வா, போ என்கிறாளே என்று வாசிக்கிறவர்கள் நினைப்பார்கள். அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீ என் அண்ணனுக்கு வாழ்க்கைப்படுவதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை. "மைனின்னு ஒரு மரியாத வேண்டாமாட்டி ஒனக்கு?" என்பாள். மைனி என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். நீ என்பதை மட்டும் விடமுடியவில்லை. நீயும் கடைசி வரைக்கும் என்னை ஏட்டி என்றுதானே கூப்பிட்டாய்.

முதலில் நல்ல செய்தி. நீ ஆசைப்பட்ட ஹால் வந்துவிட்டது. தெருமுனையில், நகராட்சி குப்பை வண்டிகளை நிறுத்துவார்களே, அந்த இடத்துக்குப் பக்கத்தில். வெள்ளை டைல்ஸ் தரை, மின்விசிறிகள், பச்சைப் போர்டு, வழவழவென்று பெஞ்சுகள். முகப்பில் தங்க நிற எழுத்தில் உன் பெயர். கட்டிக் கொடுத்தவர் வளைகுடாவில் கடை வைத்திருக்கிற நம் ஊர்க்காரர்தான். ஆஸ்பத்திரியில் உன்னை வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நான் கெட்டித் தாறேன்" என்றாரே, அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அவர்மேல் ஒரு குறையும் சொல்லமுடியாது, மைனி. யார்மேலும் சொல்லமுடியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கெட்ட செய்தியும் அந்த ஹாலுக்குள்ளேதான் இருக்கிறது. அதைச் சொல்லப் பாயில் இருந்து தொடங்கவேண்டும். உனக்குத் தெரியாத பாயா? ஆனால் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியாதே.

நீ பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்தாய். நம் தெருவில் தெரு பெருக்குகிறவர்கள், சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், தலையில் மீன் சுமந்து விற்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். அந்தப் பிள்ளைகள் மதிய மணிக்கு வந்து தட்டை நீட்டும். சாப்பிட்டு முடித்ததும் பாதி காணாமல் போய்விடும். ஒரு நாள் யாரோ ஒரு வாத்தியார் உன் காதுபட, "சானல்கரைப் பிள்ளைய சோத்துக்கு வரும், படிப்புக்கு வராது" என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்த வேகத்தில் அடுப்படிப் பாத்திரம் எல்லாம் உருண்டது. "சோத்துக்கு வாறது குத்தமாட்டி? சோறு தின்னாம எவன் படிச்சான்?" என்று என்னிடம் சண்டை பிடித்தாய். நான்தான் சொன்னேன் என்பது போல.

மறுநாளே பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டாய். எங்கே உட்காரவைப்பது? நம் வீட்டில் இடம் இல்லை. தெருவில் யார் வீட்டிலும் இடம் இல்லை. அதனால் தினம் ஒரு வீடு என்று முறை வைத்தாய். இரண்டு கோரைப் பாயைச் சேர்த்துத் தைத்து, ஓரத்துக்கு என் வயலட் சேலையைக் கிழித்துப் பட்டை வைத்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பழசுதானே என்றாய். எனக்கு அது பழசு இல்லை.

அந்தப் பாய்தான் நம் பள்ளிக்கூடம். ஒரு வீட்டில் பாடம் முடிந்ததும் இரண்டு பிள்ளைகள் பாயைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசலில் சாய்த்துவைக்கும். மறுநாள் அந்த வீடு பாய் வீடு. முன்னறையில் பாதி, தெருவில் பாதி என்று பிள்ளைகள் உட்காரும். பெரிய பிள்ளைகள் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும். கேள்வித்தாள் அடித்துத் தருவது என் வேலை. பால் விடாத கட்டன் சாயாவும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும் பாய் வீட்டுக்காரர்கள் கணக்கு.

இரண்டு சட்டம் போட்டாய். பாய் வீட்டில் உள்ள பெரியவர்கள் பாடம் முடிகிற வரைக்கும் எழுந்து போகக்கூடாது. அப்புறம், முதல் பாடம் அந்த வீட்டில் இருக்கிற எழுத்து. மருந்துச் சீட்டு, கரண்டு பில், கல்யாணப் பத்திரிகை, அரிசிச் சாக்கு, எது இருந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளை அதை எடுத்து உரக்க வாசிக்கவேண்டும். எழுத்து இல்லாத வீடு உண்டாட்டி என்று என்னிடம் பந்தயம் வைத்தாய். நான் தோற்றேன்.

தாசன் வீட்டில்தான் எனக்கு ஜெயிப்போம் என்று தோன்றியது. சந்தையில் மூட்டை தூக்குகிற தாசன். அவன் வீட்டில் அன்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மகள் ஜெனிஷா அப்போது மூன்றாம் வகுப்பு. அடுப்படி, பெட்டி, கட்டிலுக்கு அடியில் என்று தேடிப் பார்த்துவிட்டு நேராக அப்பனிடம் போய், "அப்பா, கைய நீட்டுங்க" என்றாள். கையில் பச்சை குத்தியிருந்தான். ஸ்டெல்லா. பெண்டாட்டி பெயர். பிள்ளை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். தாசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிரித்தான். கதவோரத்தில் ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் கையில் இருப்பது தன் பெயர் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அன்றுதான் ஒருவர் வாசித்துக் கேட்டாளாம்.

அதே கையால்தான் அவளை அடிக்கவும் செய்தான். குடித்துவிட்டு வருகிற சாயங்காலங்களில். அது தெருவுக்கே தெரியும். ஆனால் பாய் நாளில் அடி கிடையாது. பாய் வாசலில் சாய்ந்திருப்பதைப் பார்த்தால், "இன்னைக்கு நமக்க வீடா?" என்று கேட்டுவிட்டு, குழாயடியில் முகம் கழுவி, சட்டையை மாற்றி, பாய் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவான். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் அவனுக்கு ஒரு வெட்கம்.

ஜெனிஷா இதைக் கண்டுகொண்டாள். முறை எந்த வீட்டுக்கு என்றாலும், "எங்க வீடுதான் மைனி, நீங்க மறந்திட்டிய" என்று உன்னிடம் சாதிப்பாள். ஆமாம், பிள்ளைகளும் உன்னை மைனி என்றே கூப்பிட்டன, நான் கூப்பிடுவதைக் கேட்டு. நீ அவளை முறைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா மக்கா, மறந்துட்டேன்" என்பாய். மற்ற வீட்டுக்காரர்களும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

இப்படியே போயிருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஹாலைக் கேட்டது நீதானே, மைனி? மழைக்காலத்தில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாயை இங்கும் அங்கும் இழுத்துப்போட்டு நீ பட்ட பாட்டை நான் பார்க்காமல் இல்லை. நனைந்த பாயைக் காயப்போட்டுக்கொண்டே, "ஒரு ஹாலு மட்டும் கெடச்சா போதும்ட்டி, எனக்க பிள்ளைய பெஞ்சுல இருந்து படிக்கும்" என்பாய். ஆஸ்பத்திரியில் குரல் போன பிறகும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டாய். உன் ஆசையில் என்ன தப்பு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பெஞ்சு இருக்கும்போது நம் பிள்ளைகள் மட்டும் ஏன் ஈரத் தரையில் உட்காரவேண்டும்?

திறப்பு விழா அன்று அண்ணன் உன் பாயைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, ஹாலுக்குக் கொண்டுவந்தான். அதற்கென்று ஒரு கண்ணாடி அலமாரி செய்திருந்தான். உன் படத்துக்குக் கீழே அலமாரி, அலமாரிக்குள் பாய், அதற்குச் சின்ன விளக்கு. எல்லாரும் கை தட்டினோம். பல பெண்கள் அழுதார்கள். நானும்தான். நாங்கள் செய்தது மரியாதை என்றுதான் நினைத்தோம்.

பிறகு மரியாதை கூடிக்கொண்டே போனது. உன் பெயர் உள்ள இடம் என்று வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கால் கழுவிவிட்டு ஏறவேண்டும் என்று குழாய் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அண்ணன் தோவாளைப் பூச்சந்தைக்குப் பஸ் ஏறிப் போய், உன் படத்துக்கு மாலை வாங்கி வருகிறான். ஹாலை ஒரு நாளில் எத்தனை தடவை பெருக்குகிறான் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லாமலே நம் தெருப் பெண்கள் அதைக் கோயில் மாதிரி ஆக்கிவிட்டார்கள். கோயில் என்றால் குளித்துவிட்டுத்தானே போகவேண்டும்?

ஒரு நாள் ஸ்டெல்லா மீன் விற்றுவிட்டு வருகிற வழியில் ஹால் கேட்டுக்கு வெளியே நின்றாள். மீன் சுமக்கிற சருவம் இன்னும் இடுப்பில். ஜெனிஷா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து இரி என்று கூப்பிட்டேன்.

"வேண்டாம் அக்கா. மீன் நாத்தம். மைனிக்க படம் இருக்க எடமில்லியா" என்றாள்.

உன் மடியில் தலைவைத்து அழுத அதே ஸ்டெல்லாதான் இவள், மைனி. மீன் நாற்றத்தோடுதான் அழுதாள்.

ஹால் காலி என்று நினைத்துவிடாதே. நிறைந்து வழிகிறது. பி.எட். முடித்த ஒரு பையன் மாஸ்டராக வருகிறான். நல்ல பையன், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறான். இலவச டியூஷன் என்று கேள்விப்பட்டு, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தெல்லாம் பிள்ளைகள் சைக்கிளில் வருகின்றன. நல்ல மார்க்கும் வாங்குகின்றன. போட்டோ எடுத்து வளைகுடாவுக்கு அனுப்பினால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. அந்தப் போட்டோவில் நம் தெருப் பிள்ளைகளைத் தேடினால் ஒன்றோ இரண்டோ கடைசி பெஞ்சில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார்ந்தார்களோ அதே இடம். பிறகு அதுவும் இல்லை. பெரியவர்கள் ஹாலுக்கு வருவதில்லை, பிள்ளைகளை அனுப்புகிற நினைப்பும் குறைந்துவிட்டது. வீட்டுக்குப் பாய் வராததால், பிள்ளை படிக்கிறதா என்று பார்க்கவேண்டிய முறையும் வீட்டுக்கு வரவில்லை.

அண்ணனிடம் பேசிப் பார்த்தேன். வாரத்தில் ஒரு நாளாவது பாயை எடுத்து வீட்டுக்கு வீடு கொண்டுபோகலாமா என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

"அவளுக்க பேரு எழுதின எடத்த விட்டுட்டு, திரும்ப ஒழுகுக வீட்டுல போய் இரிக்கணும்னு சொல்லுகியா விஜி? அவ கேட்டது இதுதானே. எனக்க கையப் பிடிச்சுக் கேட்டது இதுதானே" என்றான்.

நீ போன பிறகு ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனை எழுப்பி உட்காரவைத்தது அந்த ஹால். சாயங்காலம் விளக்குப் போடுவதும் கேட்டைத் திறப்பதும்தான் அவனுக்கு இப்போது உயிர். அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. உனக்கு வருமா?

தாசன் வீட்டில் பாய் நாள் இல்லாமல் போனது. எல்லா நாளும் அடி விழுகிற நாள் ஆகிவிட்டது. போலீசில் சொல்லக்கூடாதா என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். சொன்னேன். வந்தார்கள். ஸ்டெல்லா வாசலில் நின்று, "ஒண்ணும் இல்ல சார், பாத்திரம் விழுந்த சத்தம்" என்றாள். அவர்கள் போனதும் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டு, இனி இப்படிச் செய்யாதீர்கள் என்றாள்.

அந்த வீட்டில் இருந்துகொண்டே ஜெனிஷா பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணினாள். நீ இருந்திருந்தால் இதைச் சொல்ல ஓடி வந்திருப்பேன். மார்க் நன்றாகவே இருந்தது. பதினொன்றில் சேர்த்து, புத்தகமும் வாங்கியாயிற்று. அப்புறம் ஒரு நாள் தடுக்கப் போய் அவளும் அடி வாங்கினாள். அந்த வாரமே திருப்பூர்ப் பக்கம் ஏதோ மில்லுக்கு ஆள் எடுக்கிற ஒருத்தனிடம் ஸ்டெல்லா அவளை அனுப்பப் பேசி வைத்துவிட்டாள்.

நான் போய்க் கெஞ்சினேன். விடுதியில் சேர்க்கலாம் என்று மனு அடித்தேன். இந்த வருஷச் சேர்க்கை முடிந்தது என்று பதில் வந்தது. சரி, இதே தெருவில் என் வீட்டில் இருந்து படிக்கட்டும் என்றேன்.

"உங்க வீடு எவ்வளவு தூரம்க்கா? அவருக்கு வழி தெரியாதா?" என்றாள் ஸ்டெல்லா. "அங்க போனா அடியாவது இருக்காதுல்லா. படிப்புக்கு என்ன, பொறவும் படிக்கலாம். உயிரோட இருக்கட்டும்."

படித்தால்தான் நல்ல வாழ்க்கை என்று அத்தனை வீட்டிலும் பேசின நாம், இந்த ஒரு பேச்சுக்குப் பதில் வைத்திருக்கவில்லையே. அப்பனுக்குத் தெரியாமல் விடியற்காலை பஸ்ஸில் அனுப்புவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் பதறி அடித்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டான். கண்ணாடி அலமாரி திறந்து கிடக்கிறது, பாயைக் காணோம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. உன்னையே யாரோ தூக்கிக்கொண்டு போனது போல நின்றான். "எவன் செஞ்சிருந்தாலும் விடமாட்டேன் விஜி" என்றான். கடையைப் பாதியில் போட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினேன்.

அதிக தூரம் தேடவில்லை. தாசன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன்னறையில் பாய் விரித்துக் கிடந்தது, என் வயலட் பட்டையோடு. நடுவில் ஜெனிஷா ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். வேறு ஒரு பிள்ளையும் இல்லை. அடுப்பில் மரச்சீனி கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பெரியவர்கள் எழுந்து போகக்கூடாது என்ற சட்டப்படி. மூலையில் ஒரு புதுப் பை, சிப் மூடி.

"இன்னைக்கு எங்க வீடுதான் மாமா. நீங்க மறந்திட்டிய" என்றாள் ஜெனிஷா அண்ணனைப் பார்த்து.

அண்ணன் திட்டத்தான் வந்தான். நான் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். உனக்குப் பக்கத்தில் நான் உட்காரும் இடம் தெரியுமே, வலது ஓரம், அங்கேதான். அண்ணன் வாசலிலேயே நின்றான்.

அப்போது தாசன் வந்தான். குடித்திருந்தான். வாசலில் அண்ணன் நிற்பதையும் உள்ளே பாய் கிடப்பதையும் பார்த்தான். "இன்னைக்கு நமக்க வீடா?" என்று கேட்டான். இத்தனை நாள் கழித்தும் அதே கேள்வி. குழாயடிக்குப் போனான். முகம் கழுவி வந்து, நிலைப்படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

முதல் பாடம் வீட்டில் உள்ள எழுத்து. ஜெனிஷா எழுந்து போய்ப் பையின் பக்கத்தில் இருந்து ஒரு நோட்டீஸை எடுத்து வந்தாள். மில்லுக்கு ஆள் எடுக்கிறவன் கொடுத்தது. ஸ்டெல்லா வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். ஜெனிஷா அதைப் பார்க்காதது போல வாசித்தாள்.

"பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதி. மூன்று வேளையும் உணவு. தொலைக்காட்சி வசதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் தொலைபேசியில் பேசலாம். நீண்ட காலம் வேலை செய்ய விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரவும்."

ஒரு இடத்திலும் தடுக்கவில்லை, மைனி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நீ சொல்லிக்கொடுத்தபடி கடைசிச் சொல்லை விழுங்காமல் வாசித்தாள். நாம் சேர்ந்து கற்றுக்கொடுத்த வாசிப்பு இவ்வளவு நன்றாக வந்திருப்பதை நான் அன்றைக்கா பார்க்கவேண்டும்?

தாசன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "கொள்ளாம் மக்கா. நல்லா வாசிக்க."

பாடம் என்று நினைத்துவிட்டான். அது யாருக்கு வந்த நோட்டீஸ் என்று அவன் கேட்கவில்லை. நாங்கள் ஒருத்தரும் சொல்லவும் இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அடி இல்லை. அண்ணன் பாயைக் கேட்காமலே போய்விட்டான்.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். ஸ்டெல்லா மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். ஜெனிஷா அழவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "அத்தே, அடுத்தது யாருக்க வீடு?" என்று கேட்டாள். அதற்குள் பஸ் ரோட்டில் ஏறிவிட்டது.

அன்று பகலில் தாசனுக்கு விஷயம் தெரிந்தது. அதை உனக்கு எழுத எனக்கு மனமில்லை. ஸ்டெல்லா பல நாள் மீன் விற்கப் போகவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்.

பாய் இப்போது என் வீட்டு வாசலில் சாய்ந்திருக்கிறது. ஸ்டெல்லாதான் கொண்டுவந்து வைத்தாள். அண்ணனிடம் கொடுத்தால் அலமாரிக்குப் போய்விடும் என்று நான் கொடுக்கவில்லை. அவன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காலியான அலமாரிக்கு இன்னும் விளக்குப் போடுகிறான், கேட்டைத் திறக்கிறான், வெள்ளிக்கிழமை பூ வாங்கப் போகிறான். தெருவில் எதிரே வந்தால் சானல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு போகிறான். அவனுக்கு உன்னைத்தான் தெரியும், பாயைத் தெரியாது. எப்படிக் குற்றம் சொல்வேன்?

நான் வாசலில் பாயை வைத்துவிட்டால் பிள்ளைகள் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. ஒரு நாள் இரண்டு சின்னதுகள் எட்டிப் பார்த்து, "ஹால் இல்லியா அத்தே இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டன. அவற்றுக்குப் பாய் முறையே தெரியாது. என் வீட்டில் படிக்கிற பிள்ளையும் இல்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சுருட்டின பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? அந்த ஹாலையும் பாயையும் ஒன்றாகப் பிடித்திருப்பாயா? இல்லை, நீயும் என்னைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெனிஷாவுக்குப் போன் உண்டு. ஸ்டெல்லா என் வீட்டுக்கு வந்து என் போனில்தான் பேசுவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று அவர்கள் பேசி முடித்த பிறகு ஜெனிஷா என்னைக் கூப்பிடுவாள். நின்று நின்று கால் வீங்குகிறது என்று ஒரு தடவை சொன்னாள். மற்றபடி அவள் கேட்பது ஒன்றுதான்.

"அத்தே, பாய் இப்ப யாருக்க வீட்டுல?"

நான் பொய் சொல்கிறேன், மைனி. வாரத்துக்கு ஒரு வீட்டுப் பெயர் சொல்கிறேன். தெரு வரிசை மாறாமல், யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று யோசித்துச் சொல்கிறேன். என்ன எழுத்து வாசித்தார்கள் என்று கேட்பாள். அதற்கும் ஒன்று இட்டுக்கட்டுகிறேன். போன வாரம் தெருக்கோடி வீட்டில் குளிக்கிற சவர்க்காரம் வந்த பெட்டி ஒன்றை வாசித்ததாகச் சொன்னேன். அங்கே அவள் சிரிக்கிறது கேட்டது. இங்கே ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, தெரு வரிசையில் அவள் வீடு ஒன்றுதான் பாக்கி. அடுத்தது யார் வீடு என்று ஜெனிஷாவே சொல்லிவிட்டாள். "அப்ப நாளைக்கு எங்க வீடு, இல்லியா?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். பெரிய வாக்கு ஒன்றும் என்னிடம் இல்லை. பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவருவேன் என்றோ, ஜெனிஷாவை மீட்டுக்கொண்டு வருவேன் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, நான் ஒருத்தியே பாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஸ்டெல்லா வீட்டில் விரிக்கிறேன். தாசன் வந்து நமக்க வீடா என்று கேட்பானோ, காலால் எற்றித் தள்ளுவானோ, தெரியாது. ஒரு பிள்ளையும் வராமல் போகலாம். ஸ்டெல்லாவும் நானும் கடைசி வரைக்கும் எழுந்திருக்கமாட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை கேட்கும்போது ஒரே ஒரு வீட்டுப் பெயரையாவது நான் உண்மையாகச் சொல்லவேண்டும்.

உனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்பே உன் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்த,
விஜி